பூர்வ ஜென்மத்தில் யூகலிப்டஸ் வாசம்

கொடைக்கானலில் தங்கும் விடுதிகளின் அறிவிப்புகளில் யோகா, மௌன முகாம், இயற்கை உணவு என்ற வரிசையில் ‘பூர்வ ஜென்ம ஹிப்னாசிஸ்’ என்பதும் சேர்ந்துவிட்டது. கண்ணை மூடிப் படுக்கவைத்து, மெல்லிய குரலில் பேசிப் பேசி ஆழ்ந்த நிலைக்குக் கொண்டுபோய், குழந்தைப் பருவம் தாண்டி, கருவறை தாண்டி, அதற்கும் முந்தைய பிறவியில் இறக்கிவிடுவதுதான் முறை. போய் வந்தவர்கள் கதை அளப்பதில்லை. திண்ணையைப் பார்த்தேன், கையில் ஈட்டி இருந்தது, பிள்ளை என் மடியிலேயே செத்தது என்று சொல்லும்போது குரல் உடைகிறது. பார்த்தது உண்மை, அழுததும் உண்மை. அந்தக் காட்சி எந்தப் பரணிலிருந்து இறங்கியது என்பதுதான் கேள்வி.

அதைச் சோதிக்க இந்த மலையைப் போல வசதியான இடம் கிடையாது. பழனி மலையும் நீலகிரியும் கடந்த 200 ஆண்டுகளில் அடியோடு மாறியவை. எது எப்போது வந்தது என்பதற்குப் பெரும்பாலும் கணக்கு இருக்கிறது. கொடைக்கானலில் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டியது 1845-ல். ஏரி 1863-ல் வெட்டப்பட்டது. ஆகவே 1850-ல் ஏரிக்கரையில் குதிரை ஓட்டிய வெள்ளைக்கார அதிகாரியாக ஒருவர் தன்னைப் பார்த்தால், அவர் பார்த்தது போன மாதம் தான் சைக்கிள் ஓட்டிய கரையைத்தான். முற்பிறவியில் ஊட்டிக்கு 1890-ல் பல்சக்கர ரயிலில் போனவர்களும் உண்டு. அந்த ரயில் குன்னூரை எட்டியது 1899-ல், ஊட்டியை எட்டியது 1908-ல். குறிஞ்சி பூத்தது 2006-லும் 2018-லும். பன்னிரண்டு பன்னிரண்டாகப் பின்னால் போனால் 1898, 1886 வரும். இடையில் 1892-ல் மலை முழுக்க நீலமாகப் பூத்திருந்தது என்று ஒருவர் சொன்னால் சந்தேகப்படலாம் (ஆண்டு தவறிப் பூக்கும் திட்டுகள் உண்டு என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது).

இவற்றையெல்லாம் விட நன்றாகக் காட்டிக்கொடுப்பது யூகலிப்டஸ். பழைய காலத்து மலைக்குடியாகத் தன்னைப் பார்ப்பவரிடம் ‘என்ன வாசனை வருகிறது?’ என்று கேட்டால், தைல வாசம் என்று தயங்காமல் வரும் பதில். நீலகிரியில் அந்த மரம் நடப்பட்டது 1843-ல். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. பழனி மலைக்கும் அது 19-ஆம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்டதுதான். அதற்கு முன் இங்கே இருந்தது சோலையும் புல்வெளியும். பழனி மலையின் தாண்டிக்குடியில் பழங்காலத்தில் கல்திட்டை (கல் பலகைகளால் ஆன ஈமச் சின்னம்) எழுப்பியவர்களின் மூக்கில் தைல வாசம் ஏறியிருக்க வழியே இல்லை. ஜன்னலுக்கு வெளியே நிற்கும் மரத்தின் வாசம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து ‘நினைவு’ ஆகிவிடுகிறது.

இது எப்படி நடக்கிறது என்று புரிய, ஓர் அமர்வு எப்படிப் போகும் என்பதை வரிசையாகப் பார்க்க வேண்டும். மொத்தம் இரண்டரை, மூன்று மணி நேரம். முதல் முக்கால் மணி நேரம் வெறும் பேச்சு: எதற்காக வந்தீர்கள், எதற்குப் பயம், யாரோடு சண்டை, மறுபிறவியில் நம்பிக்கை உண்டா. பிறகு ஒரு சின்னச் சோதனை. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, ஒன்றில் கனமான வாளி தொங்குவதாகவும் மற்றொன்றில் பலூன் கட்டியிருப்பதாகவும் நினைக்கச் சொல்வார்கள். ஒரு நிமிடத்தில் கைகளுக்கிடையே ஒரு சாண் இடைவெளி விழுந்தால் ஆள் எளிதில் வசப்படுவார் என்று பொருள். ஆராய்ச்சிக் கூடங்களில் இதையே முறையாகச் செய்ய 1959-ல் ஸ்டான்ஃபோர்டில் வகுத்த, 12 படிகள் கொண்ட ஓர் அளவுகோல் இருக்கிறது. அந்த மாதிரி அளவுகளில் மிக உயர்ந்த மதிப்பெண் பெறுபவர்கள் பத்தில் ஒருவர் அளவுதான். அதே அளவுக்கு ஆட்கள் எதற்குமே அசையாதவர்கள். மற்றவர்கள் நடுவில்.

அடுத்து படுக்கவைத்து உடலைத் தளர்த்துவது. கண்ணிமையில் தொடங்கிப் பாதம் வரை, 15 முதல் 20 நிமிடம். பிறகு ‘பத்துப் படி இறங்குங்கள், ஒவ்வொரு படியிலும் இன்னும் ஆழம்’ என்று எண்ணுவார்கள். மலையில் இருப்பவர்கள் படிக்குப் பதில் மூடுபனியைப் பயன்படுத்துவதும் உண்டு. பனிக்குள் நடந்துபோய் அது விலகும்போது வேறு இடத்தில் நிற்பதாக. நல்ல உத்திதான், வந்தவர் அன்று காலையில்தான் தூண் பாறையில் அதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருப்பார். பிறகு பத்து வயதில் ஒரு சந்தோஷமான நாள், ஐந்து வயதில் ஒன்று, தாயின் வயிறு, அதற்கப்பால் ஒரு கதவு அல்லது பாலம்.

கதவைத் தாண்டியதும் கேட்கப்படும் முதல் கேள்வி, உலகம் முழுவதும் கிட்டத்தட்ட ஒன்றேதான்: ‘காலைப் பாருங்கள். என்ன அணிந்திருக்கிறீர்கள்?’ இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ‘நீங்கள் யார்?’ என்றால் மனம் விழிக்கும், யோசிக்கும், ‘எனக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்கும். காலில் என்ன என்றால் ஏதாவது ஒன்று வந்துவிடும். வெறுங்கால் என்று வந்தால் ஏழை, தண்டை என்று வந்தால் பெண், தோல் செருப்பு என்று வந்தால் வீரன். அங்கிருந்து வேட்டி, வீடு, தெரு, அரசன் என்று கதை தானாகக் கிளை விடும். பிறகு ‘அடுத்த முக்கியமான நாளுக்குப் போங்கள்’, ‘கடைசி நாளுக்குப் போங்கள்’, மரணம், மேலிருந்து அந்த வாழ்க்கையைப் பார்ப்பது, அதில் கற்ற பாடம், பிறகு ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணித் திரும்புதல். தண்ணீர், கொஞ்சம் வெல்லம் அல்லது பிஸ்கட், கால் தரையில் பட நடப்பது.

மந்திரம் எதுவும் இல்லை என்பதை முதலில் சொன்னவர்களில் ஒருவர் நம் பக்கத்து ஆள். கோவாவின் கண்டோலிமில் 1756-ல் பிறந்த பாதிரியார் அபே ஃபாரியா. வசியம் செய்பவரின் உடலிலிருந்து ஏதோ காந்தத் திரவம் பாய்கிறது என்று பாரிஸ் நம்பிக்கொண்டிருந்தபோது, எல்லாம் வசப்படுபவரின் மனத்திலேயே இருக்கிறது, சொல்லும் எதிர்பார்ப்பும்தான் வேலை செய்கின்றன என்றார். பணஜியில் அவருக்குச் சிலை இருக்கிறது. ‘ஹிப்னாடிசம்’ என்ற பெயரை நிலைநிறுத்திய ஜேம்ஸ் பிரெய்ட் 1840-களில்தான் வருகிறார்.

அந்த எதிர்பார்ப்பின் பலத்தை 1982-ல் ராபர்ட் பேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் அளந்து காட்டினார். 60 மாணவர்களை இருபது இருபதாகப் பிரித்தார். முதல் குழுவிடம் இது அற்புதமான புதிய சிகிச்சை, பிரமாதமான பயணம் என்றார். இரண்டாம் குழுவிடம் எதுவும் வரலாம் வராமலும் போகலாம் என்றார். மூன்றாம் குழுவிடம் இது பைத்தியக்காரத்தனம், சாதாரண ஆட்களுக்கு ஒன்றும் தெரியாது என்றார். ஹிப்னாடிசம் மூன்று குழுக்களுக்கும் ஒன்றுதான். முதல் குழுவில் 17 பேருக்கு முற்பிறவி தெரிந்தது, இரண்டாவதில் 12 பேருக்கு, மூன்றாவதில் 2 பேருக்கு. முற்பிறவி பிறப்பது படுக்கையில் அல்ல, அதற்கு முந்தைய முக்கால் மணி நேரப் பேச்சில்.

கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் நிக்கோலஸ் ஸ்பானோஸ் இதை இன்னும் உள்ளே போய்ப் பார்த்தார். 1991-ல் அவரும் உடன் உழைத்தவர்களும் வெளியிட்ட ஆய்வில், பழங்காலத்தில் குழந்தைகளைக் கொடுமைப்படுத்துவது அதிகம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள், தங்கள் ‘முற்பிறவி’க் குழந்தைப் பருவத்திலும் அதிகமாகக் கொடுமையைக் கண்டார்கள். சரித்திரக் கேள்விகள் கேட்டபோது சறுக்கல். ஒருவர் கி.பி. 50-ல் ரோமப் பேரரசராக இருந்த ஜூலியஸ் சீசர். சீசர் பேரரசராக முடிசூடியதே இல்லை, கி.மு. 44-லேயே கொலையானவர். தவிர, அந்தக் காலத்தில் யாரும் கிறிஸ்து பிறப்பை வைத்து ஆண்டு எண்ணியதும் இல்லை.

இதே பொறி நம் ஆட்களுக்கும் உண்டு, இன்னும் சுவையாக. சோழ நாட்டில் வாழ்ந்தவர் ‘கி.பி. 1012’ என்று சொல்ல மாட்டார். இன்னாருடைய இத்தனையாவது யாண்டு என்பார், கல்வெட்டுகள் அப்படித்தான் பேசுகின்றன. நிலத்தை வேலியிலும் மாவிலும் அளப்பார், நெல்லைக் கலத்திலும் குறுணியிலும், பொன்னைக் கழஞ்சில். ஏக்கர், கிலோ வந்தால் தெரிந்துவிடும். சாப்பாட்டைக் கேளுங்கள். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். போர்ச்சுக்கீசியர் வருகைக்கு முன் நம் அடுப்படியில் காரம் என்றால் மிளகுதான். பல்லவ சிற்பியின் இலையில் வரமிளகாய்த் துவையல் வைத்த கையை நாம் அடையாளம் கண்டுகொள்ளலாம். மொழியும் அப்படியே: மயக்கத்தில் ‘தமிழ் மாறிவிட்டது’ என்று கூட இருந்தவர்கள் வியப்பார்கள். ஒலிப்பதிவைக் கேட்டால் சரித்திரப் படத்து வசனத் தமிழ்.

கல்கியைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. நந்தினி, பூங்குழலி இருவரும் அவருடைய கற்பனைப் படைப்புகள். எந்தக் கல்வெட்டிலும் கிடையாது. ஆனால் சோழ அரண்மனை என்றாலே தமிழ் வாசகர் மனத்தில் அவர்கள் நடமாடுவார்கள். ஒருவருடைய சோழ ஜென்மத்தில் நந்தினி வந்தால், அந்த ஜென்மம் எங்கே தொடங்கியது என்று தனியாக ஆராய வேண்டியதில்லை.

மேற்கிலும் இப்படித்தான் முடிச்சு அவிழ்ந்திருக்கிறது. கார்டிஃபில் ஒரு ஹிப்னாடிச நிபுணர் பதிவுசெய்த நாடாக்கள் 1976-ல் பிபிசி நிகழ்ச்சி ஒன்றில் வந்து பெரும் பரபரப்பு. அதில் ஒரு பெண், ரோமானியர் காலத்துப் பிரிட்டனில் வாழ்ந்த லிவோனியாவாகத் தன்னைப் பார்த்தார். விவரங்கள் அசரவைத்தன. பிறகு ஆராய்ந்தவர்கள், 1947-ல் வெளியான ஒரு சரித்திர நாவலில் அதே விவரங்களைக் கண்டார்கள். நாவலாசிரியர் சொந்தமாகக் கற்பனை செய்த பாத்திரங்கள் உட்பட. அந்தப் பெண் ஏமாற்றவில்லை. படித்தது தங்கிவிட்டது, படித்தோம் என்பது மறந்துவிட்டது. எங்கே கேட்டோம் என்ற சீட்டு கிழிந்துபோன நினைவு, சொந்த அனுபவம் போலவே வந்து நிற்கும்.

இதில் நமக்கு நெருக்கமான கதை ஒன்று உண்டு. ஜெனீவாவில் எலேன் ஸ்மித் என்ற பெயரில் அறியப்பட்ட ஒரு பெண் மயக்க நிலையில் தென்னிந்திய இளவரசி சிமந்தினியாக மாறினார். கணவர் சிவ்ரூக்க நாயக்கர், கன்னட தேசத்தில் ஆண்டவர், 1401-ல் சந்திரகிரிக் கோட்டையைக் கட்டியவர். ஜெனீவாப் பேராசிரியர் தியோடோர் ஃப்ளூர்ன்வா சும்மா விடாமல் தேடி, அதே பெயர், அதே கோட்டை, அதே 1401 இருந்த ஒரு பழைய பிரெஞ்சு வரலாற்று நூலைப் பிடித்தார். 1900-ல் முழு ஆய்வையும் வெளியிட்டார். காசர்கோடு சந்திரகிரிக் கோட்டையை 17-ஆம் நூற்றாண்டில் கேளடி சிவப்ப நாயக்கர் கட்டினார் என்பதே பொதுவாகச் சொல்லப்படுவது. விடைத்தாள் திருத்தும் வாத்தியாருக்குத் தெரியும்: சரியான விடை இரண்டு தாளில் ஒன்றாக இருந்தால் சந்தேகம் வராது, தப்பு ஒன்றாக இருந்தால்தான் வரும்.

இந்த மோகத்தைக் கிளப்பிவிட்ட பிரைடி மர்ஃபி விவகாரம் எல்லோரும் அறிந்தது. அமெரிக்காவின் கொலராடோவில் 1952-ல் ஒரு வியாபாரி தனக்குத் தெரிந்த பெண்ணை மயக்கத்தில் ஆழ்த்த, அவர் 1798-ல் அயர்லாந்தில் பிறந்த பிரைடியாகப் பேசினார். அயர்லாந்தில் தேடியபோது அப்படி ஒருத்தி பிறந்ததற்கோ இறந்ததற்கோ பதிவு சிக்கவில்லை. சிகாகோவில் அந்தப் பெண் சிறுமியாக இருந்தபோது எதிர்வீட்டில் ஓர் ஐரிஷ் அம்மா இருந்தார் என்பது சிக்கியது. மணத்துக்கு முன் அவர் பெயரும் பிரைடி மர்ஃபிதான் என்று அன்றைய செய்தித்தாள் எழுதியது.

சரி, உடம்பு நடுங்கியதே, வியர்த்ததே, அது பொய்யா? ஹார்வர்டில் ரிச்சர்ட் மெக்நாலி குழு 2004-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. வேற்றுக்கிரகவாசிகள் தங்களைக் கடத்திப் போனதாக நம்பும் பத்துப் பேரிடம் அந்தக் கதையையே திரும்பப் போட்டுக் காட்டி இதயத் துடிப்பையும் தோலின் வியர்வையையும் அளந்தார்கள். போர், பலாத்காரம் போன்ற நிஜக் கொடுமையை அனுபவித்தவர்களுக்கு வரும் அளவுக்கு உடம்பு பதறியது. உடம்புக்குத் தேவை நம்பிக்கை. நடந்ததா என்று அது விசாரிப்பதில்லை. ஹிப்னாடிசம் நினைவின் துல்லியத்தைக் கூட்டுவதில்லை, நினைவின் மேல் உள்ள உறுதியைத்தான் கூட்டுகிறது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் அறிக்கை 1985-லேயே இதை எச்சரித்துவிட்டது.

மறுபிறவி உண்டா இல்லையா என்பது வேறு வழக்கு. ‘புல்லாகிப் பூடாய்’ என்று பாடி வளர்ந்த ஊரில் அதை ஒரு கட்டுரை தீர்க்க முடியாது, தீர்க்கவும் தேவையில்லை. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சன் இந்தியா, இலங்கை என்று அலைந்து, தானாகவே பழைய வீட்டைப் பற்றிப் பேசும் சின்னக் குழந்தைகளின் கதைகளை ஆயிரக்கணக்கில் சேகரித்தவர். அவரே ஹிப்னாடிசத்தில் வரும் முற்பிறவிகளில் பெரும்பாலானவற்றை நம்பவில்லை. நாடி ஜோதிடத்தில் சாந்தி காண்டம் முற்பிறவி வினையைச் சொல்லும். ஆனால் அங்கே சொல்வது ஓலை, கேட்பது நாம். பிடிக்காவிட்டால் தள்ளிவிட்டு வரலாம். இங்கே சொல்வது நம் வாயே. அதனால்தான் இதன் பிடி இவ்வளவு இறுக்கம்.

பலன் கிடைப்பதும் உண்மை. மூன்று மணி நேரம் ஒருவர் குறுக்கே பேசாமல் நம்மைக் கேட்கிறார், உடல் தளர்கிறது, காரணம் தெரியாத பயத்துக்கு ஒரு கதை கிடைக்கிறது. தண்ணீர்ப் பயத்துக்கு ‘ஆற்றில் மூழ்கிச் செத்தேன்’ என்ற கதை ஆறுதல்தான். ஆனால் அந்தப் பயம் போக, கணுக்கால் தண்ணீரில் தொடங்கிப் படிப்படியாக இறக்கும் சிகிச்சைக்குச் சான்று இருக்கிறது. அதற்குக் கதை தேவைப்படுவதில்லை.

கெடுவது எங்கே? பெரும்பாலும் சில்லறை விஷயங்களில்தான். ஒன்றுமே தெரியாமல் போவது, குறட்டை விடுவது. மனக்கண்ணில் படமே வராத ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கதவு கதவாகத் திறக்கச் சொல்லி வதைத்துப் பயனில்லை. ‘திரும்பி வர முடியாமல் போய்விடுமா?’ என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. பேசுபவர் எழுந்து போய்விட்டாலும் படுத்திருப்பவர் சற்று நேரத்தில் தானாக விழிப்பார், அல்லது தூங்கி எழுவார். மலையில் கூடுதலாகக் குளிர். அரை மணி அசையாமல் கிடந்தால் உடல் சூடு இறங்கும், பல் கிட்டும். டிசம்பர் மாலையில் கம்பளி ஒன்று போதாது. அந்த நடுக்கத்தை ‘ஆன்மா வெளியேறுகிறது’ என்று விளக்கம் சொன்ன கூத்தும் நடக்கும். மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுத்து வந்த அன்றே அமர்வில் உட்காரக் கூடாது. போதைக் காளான் தின்றவரைப் படுக்கவைப்பதோ பெரிய ஆபத்து. அது சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம், காளானின் பயங்கரம் முற்பிறவியாகப் பதிந்துவிடும் என்பது இன்னொரு பக்கம்.

பெரிய கேடு முகங்களில் வருகிறது. ‘உங்களைக் கொன்றவனின் கண்ணை உற்றுப் பாருங்கள். இந்தப் பிறவியில் அவர் யார்?’ என்று ஒரு வழக்கமான கேள்வி உண்டு. பதிலாக வருவது மாமியார், சித்தப்பா, கணவன். அன்று முன்பேச்சில் யாரைப் பற்றிக் குறை சொன்னாரோ அவர். அந்த ஒரு கேள்வியால் வீட்டில் விழும் விரிசலை எந்த ‘பாடம் கற்றலும்’ ஒட்டாது. இதைக் கேட்கும் ஆளிடம் அமர்வே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. மனச்சிதைவு, இருதுருவக் கோளாறு, வலிப்பு உள்ளவர்கள் விலகியே இருக்க வேண்டும். மாத்திரையை நிறுத்தச் சொன்னால் எழுந்து வந்துவிட வேண்டும். மருத்துவ உளவியலாளர் என்று போட்டுக்கொள்பவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்கும், கேட்டால் காட்ட வேண்டும். வார இறுதி ஹிப்னாடிசச் சான்றிதழ் அதற்கு ஈடாகாது. அமர்வுக்குப் பின் தூக்கம் கெட்டு, காட்சிகள் விடாமல் வந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

போவது என்று முடிவாகிவிட்டால் இரண்டு ஏற்பாடு. அன்றிரவு மலையிலேயே தங்குவது. அந்த மந்தத்தோடு வத்தலக்குண்டு இறக்கத்தில் வண்டி ஓட்டக் கூடாது. மற்றொன்று, முன்பேச்சு உட்பட முழுவதையும் போனில் பதிவு செய்யக் கேட்பது. மறுநாள் காலை ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் அவர் சொன்ன பெயர்ச்சொற்கள், வலப்பக்கம் நீங்கள் சொன்னவை, நிமிடக் கணக்கோடு. கோயில், வாள், தீ, குழந்தை என்று ஒவ்வொன்றாக எடுத்து, அது முதலில் எந்தப் பக்கத்தில் வந்தது என்று பாருங்கள். ‘ஏதாவது கோயில் தெரிகிறதா?’ என்பது 92-ஆவது நிமிடத்தில் இடப்பக்கம் இருக்கும். கோபுரமும் தேரும் குருக்களும் 93-ல் வலப்பக்கம் வரத் தொடங்கும்.